விழாத பூட்டு

ஜூன் 4, புதன்

நூல் கம்பெனிக்காரர் தந்த டைரி ஐந்து மாதமாக மேஜைக்குள் சும்மா கிடந்தது. இடுப்பளவும் தோளளவும் குறிக்கலாம் என்று எடுத்தேன். எடுத்த கையோடு இன்றைய சங்கதியையும் எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இன்று லீலாவுக்குப் பெரிய நாள்.

தக்கலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கு அடிமுறைச் சண்டை சொல்லிக்கொடுக்க என் மனைவி புஷ்பலீலாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். புதனும் சனியும், மாலை நான்கு மணி, ஆம்புலன்ஸ் நிறுத்தும் கொட்டகையில். முதல் நாளே பதினொரு பேர் வந்துவிட்டார்கள்.

அடிமுறையில் லீலாவின் பலம் பூட்டு. குத்த வருகிற கையை வழியிலேயே மறித்து, மணிக்கட்டையும் முழங்கையையும் மடக்கிச் சிக்கவைத்து, ஆளை அசையவிடாமல் செய்வது பூட்டு. தன் அப்பாவிடம் பதினெட்டு பூட்டு கற்றிருக்கிறாள். அவள் அதைப் போடும்போது பார்க்கவேண்டும். ஊசியில் நூல் கோர்ப்பதுபோல, ஒரு பதற்றமும் இருக்காது. குத்து வரும், அவள் கை அதன்மேல் ஏறும், அடுத்த நொடி ஆள் தரையில் கிடப்பான்.

அந்த ஆள் நான்தான். ஞானதாஸ், தொழில் தையல். பத்தொன்பது வருஷமாக மேடையிலும் கிளாஸிலும் அவளுக்குக் கை கொடுக்கிறவன். நான் குத்துவேன், அவள் பூட்டுவாள், நான் விழுவேன். இன்றும் ஒன்பது தடவை விழுந்தேன். பதினொரு பேரும் கை தட்டினார்கள். அவள் முகம் சிவந்துபோனது. நாற்பத்தொரு வயதில் ஒருத்திக்கு இப்படி வெட்கம் வருமா?

ஜூன் 7, சனி

ஷைனி என்று ஒரு நர்ஸ். முப்பது வயதிருக்கும். புண்ணுக்கு மருந்து கட்டும் அறையில் வேலை. வலது புருவத்துக்கு மேல் தையல் போட்ட தழும்பு. நாலு தையல், இடைவெளி சரியில்லை. நான் அதையே பார்த்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளே சொன்னாள்.

மார்ச் மாதம் ஒரு ஆள் தன் அம்மாவைக் கூட்டிவந்திருக்கிறான். அம்மாவுக்குச் சுகர், காலில் ஆறாத புண். காத்திருக்க வைத்ததற்குக் கோபப்பட்டு ஷைனியின் முடியைப் பிடித்துச் சுவரில் மோதிவிட்டான். பிறகு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துக் கேஸை முடித்துக்கொண்டான். அம்மாவை வேறு எங்கோ காட்டினான், ஆறவில்லை. ஜூலை எட்டாம் தேதி முதல் செவ்வாய்தோறும் மறுபடி இங்கேதான் வரப்போகிறார்களாம். மருந்து கட்டுவது ஷைனிதான்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? கோவிச்சுக்கிடாதிய. நெசமாட்டு ஒருத்தன் அடிக்க வாற நேரம் இது வேலைக்கு ஆவுமா?" என்று கேட்டாள்.

லீலா சிரித்தாள். "எனக்க மாப்பிள்ளையக் கேளு. நூறு கிலோ ஆளு. எத்தன வாட்டி விழுந்திருக்காருன்னு அவரே சொல்லட்டு."

நான் எண்பத்தாறு கிலோதான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நல்லாவே ஆவும்" என்றேன்.

வீட்டுக்கு வந்து சரியாகச் சாப்பிட முடியவில்லை. வெயில் காரணமாக இருக்கும்.

ஜூன் 10, செவ்வாய்

ஸ்கூல் யூனிபார்ம் முப்பத்திரண்டு செட் பாக்கி. பட்டனுக்குக் காஜா எடுக்கிற பெண் வரவில்லை. மழை.

ஜூன் 11, புதன்

எழுதியே விடுகிறேன். இந்த டைரியை யார் படிக்கப் போகிறார்கள்?

குத்திய பிறகு நான் கையை இழுப்பதில்லை. அப்படியே நீட்டி வைத்திருப்பேன். இழுத்துவிட்டால் அவள் எதைப் பூட்டுவாள்? பழகும்போது எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். கொஞ்சநாள் கழித்து அதை விட்டுவிட வேண்டும். நாங்கள் விடவில்லை. இன்னொன்றும் உண்டு. பூட்டு இறுகுவதற்கு அரை நொடி முன்னாலேயே என் முழங்கால் தானாக மடங்கிவிடும். எங்கள் ஊரில் குதிப்பதைச் சாடுவது என்போம். நான் சாடிவிடுவேன். அவள் என்னை விழவைக்கிறாளா, நானாக விழுகிறேனா என்று கேட்டால் எனக்கே தெரியாது.

இன்று ஷைனி நான்காம் பூட்டை என்மேல் போட்டுப் பார்த்தாள். கையை எங்கே வைப்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை. நான் விழுந்தேன். அந்தப் பெண் இந்த மூன்று கிளாஸில் முதல் தடவையாகச் சிரித்தாள். புருவம் உயர, தழும்பும் சேர்ந்து உயர்ந்தது.

நான் விழுந்திருக்கக்கூடாது.

ஜூன் 15, ஞாயிறு

அவமானம். இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையில் மீன் சந்தை. லீலா சாளை பேரம் பேசிக்கொண்டிருந்தாள், நான் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றேன். ஒருத்தன் பைக்கைப் பின்னால் தள்ளி என் வண்டியைச் சாய்த்துவிட்டான். "கண்ணு தெரியாதா ஓய்?" என்றேன். அவன் என்னை உற்றுப் பார்த்தான்.

"லே, நீ பொண்டாட்டி தொட்டா விழுறவன்லா? கோயில் கொடையில பாத்திருக்கேன். ஊதினாலும் விழுவியா?"

என்னை எதுவும் சொல்லலாம். சிரித்துக்கொண்டே போய்விடுவேன். ஆனால் அவன் லீலா பக்கம் திரும்பி, அவள் செய்வதுபோலக் கையை ஆட்டிக் காட்டினான். குத்திவிட்டேன். அவன் தோளில் பட்டது, நன்றாகவே பட்டது.

பட்ட பிறகு என் கை அங்கேயே நின்றது. பத்தொன்பது வருஷப் பழக்கம். நீட்டிய கையோடு, அவன் அதைப் பூட்டட்டும் என்று நான் காத்துக்கொண்டு நிற்கிறேன். அந்த ஆளுக்கே ஒன்றும் புரியவில்லை. என் கையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். பிறகு சாவகாசமாக என் வாயில் ஒன்று வைத்தான்.

மீன்காரிகள் சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது. கீழே கிடந்தபடி நிமிர்ந்தால் லீலா நிற்கிறாள். அவள் சிரிக்கவில்லை. என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கைய ஏன் அங்கனயே வச்சிருந்திய?" என்று வழியில் கேட்டாள்.

"கால் வழுக்கிட்டு" என்றேன்.

ஜூன் 16, திங்கள்

உதடு வீங்கியிருக்கிறது. கஞ்சிதான் குடித்தேன். லீலா அதன்பிறகு எதுவும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

ஜூன் 17, செவ்வாய்

சாயங்காலம் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனவள் என்னையும் கூப்பிட்டாள்.

"அடிங்க" என்றாள்.

"எதுக்கு?"

"அடிச்சிட்டு உடனே கைய இழுத்துக்கணும். நெசத்துல ஒருத்தன் செய்வாம்லா, அதுமாதிரி."

முதல் குத்தை ஒப்புக்கு விட்டேன். "எனக்க அப்பா மேல ஆணையாட்டு ஒழுங்கா அடிங்க" என்றாள். அதற்குமேல் என்ன செய்வது? அடித்தேன், இழுத்தேன். அவள் மறிப்பதற்குள் என் கை திரும்பி வந்துவிட்டது. மறுபடி அடித்தேன். மணிக்கட்டைத் தொட்டாள், பிடிபடவில்லை. ஏழாவது குத்து அவள் மூக்குக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றது. அளவெடுக்கிறவன் கை, தப்பாது. ஆனால் நான் நிறுத்தாமலிருந்தால் பட்டிருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

பன்னிரண்டு குத்தில் ஒன்றைத்தான் பிடித்தாள். அந்த ஒன்றைப் பற்றி எழுதவேண்டாம்.

"எத்தன வருஷமாட்டு சாடுறிய?"

"எப்பவாவதுதான்."

துணியை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள். என் சட்டையை மட்டும் கொடியிலேயே விட்டிருந்தாள்.

ஜூன் 18, புதன்

காய்ச்சல் என்று சொல்லிக் கிளாஸை நிறுத்திவிட்டாள். எங்கள் வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை.

ஜூன் 19, வியாழன்

பேசவில்லை. சோறு வைத்தாள். குழம்பில் உப்பு சரியாகவே இருந்தது.

ஜூன் 20, வெள்ளி

யூனிபார்ம் பதினெட்டு செட் முடித்தேன். ஒரு கால்சட்டைக்கு இரண்டு காலும் வலது காலாக வெட்டிவிட்டேன். இருபத்தைந்து வருஷத் தொழிலில் முதல் தடவை.

ஜூன் 21, சனி

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோழி கிண்டியதுபோல இருக்கிறது. இருந்தாலும் இன்றே எழுதவேண்டும்.

மதியம் மூன்று மணிக்கு லீலா சேலை மாற்றிக்கொண்டு அடுக்களைக்கு வந்தாள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

"ஆசுபத்திரிக்குப் போறேன். இத்தன நாளும் பொய்யச் சொல்லிக்குடுத்திட்டேன், கிளாஸ் வேண்டாம்னு சொல்லிட்டு வாறேன்."

"சொல்லாத லீலா. உனக்கு இருக்குற பேரு போயிரும்."

"பேரா? எட்டாந்தேதி அவன் முன்னால அந்தப் பிள்ள போய் நிப்பா. மீன் சந்தையில நீங்க நின்னது மாதிரி, இப்ப விழுவான், இப்ப விழுவான்னு பாத்திட்டு நிப்பா. அவ தலைய அவன் மறுபடியும் சுவர்ல இடிச்சா யாரு பொறுப்பு?"

என்னைத் தாண்டிப் போனாள். போகவிடக்கூடாது என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது. அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். கிளாஸில் பிடிப்பதுபோல இல்லை. கோபமும் பயமுமாக, இறுக்கிப் பிடித்தேன்.

அடுத்து எனக்குத் தெரிந்தது, என் கன்னம் கேஸ் சிலிண்டரில் ஒட்டிக்கொண்டிருந்தது. மணிக்கட்டில் ஏதோ சொடுக்கென்றது. வலி தோள்வரை ஏறியது.

உலை மூடி தடதடத்தது.

"சாடினியளா?" என்று மெல்லக் கேட்டாள்.

"இல்ல."

"சத்தியமாட்டு?"

"சாட எங்க நேரம்? கைய விடுட்டி, வலிக்கி!"

விட்டாள். என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். கட்டிய சேலை கசங்குகிற கவலைகூட இல்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "இன்னொரு வாட்டி பிடிங்க" என்றாள்.

இடது கையால் பிடித்தேன். என் பலம் முழுவதும் போட்டேன். விழுந்தேன். சட்டைக் கையைப் பிடித்தேன், விழுந்தேன். முடியைப் பிடிக்கச் சொன்னாள். மனசில்லாமல் பிடித்தேன். இரண்டு கையாலும் என் கையைத் தன் தலையோடு சேர்த்து அமுக்கி, குனிந்து ஒரு அடி பின்னால் வைத்தாள். அவ்வளவுதான், மண்டியிட்டுவிட்டேன்.

"குத்துறவன் கைய திரும்ப எடுத்திருவான்" என்றாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. "அதுக்குப் பின்னால ஓடினா கிட்டாது. பிடிச்சவன் எடுக்க மாட்டான். விடக்கூடாதுன்னுதானே பிடிச்சிருக்கான்? அவனுக்க கைய அவனே நமக்கிட்ட தந்திட்டு நிக்கான்."

நான்கு நாளாகச் செத்துக் கிடந்த முகம். அது திரும்பி வந்ததைப் பார்த்தேன். இன்னொரு மணிக்கட்டையும் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

சோறு குழைந்துவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

எலும்புக்கு ஒன்றுமில்லை, நரம்புதான் பிசகியிருக்கிறது. இரண்டு வாரம் கத்தரிக்கோல் பிடிக்கக்கூடாது. மீதி யூனிபார்முக்கு லீலா காஜா எடுத்தாள். எல்லாம் கோணல். வாயைத் திறக்கவில்லை நான்.

ஜூன் 25, புதன்

நான் என்றால் சுற்றி வளைத்துச் சொல்லியிருப்பேன். அவள் பதினொரு பேரையும் உட்காரவைத்து நேராகவே சொன்னாள்.

"நான் ஒங்களுக்குக் காட்டினதுல முக்காவாசி நெசத்துல விழாது. எனக்கே போன வாரந்தான் தெரிஞ்சுது. எனக்க மாப்பிள்ள எனக்காவச் சாடிட்டு இருந்திருக்காரு. கேக்காம இருந்தது எனக்க தப்பு."

இத்தனை வருஷம் கட்டிய பெயரைத் தன் கையாலேயே பிரித்துப் போட்டாள். தையல் பிரிக்கும்போதுகூட நான் இப்படித் தயங்காமல் வெட்டமாட்டேன். இந்த மனுஷியோடு ஒரே வீட்டில் இருக்கிறேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு பதினெட்டில் பதினாறைத் தள்ளிவிட்டாள். மிச்சம் இரண்டு. மணிக்கட்டைப் பிடித்தால் ஒன்று, முடியைப் பிடித்தால் ஒன்று. "குத்து வந்தா பூட்டப் பாக்காதிய. தலையப் பொத்தணும், கத்தணும், ஓடணும். மத்தவங்க ஓடி வரணும். ஒருத்தியாட்டு யாரும் நிக்கப்பிடாது."

ஷைனி எழுந்தாள். "அப்ப அண்ணைக்கு நான் அண்ணனை விழவச்சது?"

லீலா என்னைப் பார்த்தாள். இதை நான்தான் சொல்லவேண்டும்.

"நீ விழவைக்கல்ல பிள்ளே. நான் விழுந்தேன்."

அந்தச் சிரிப்பைக் கொடுத்தவனும் நான், பிடுங்கியவனும் நான். அவள் கிளம்பிப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"இனிமே விழாதிய அண்ணே" என்றாள்.

ஜூன் 28, சனி

மூன்று பேர் வரவில்லை. எட்டுப் பேர். எட்டுப் பேரும் மாறி மாறி ஒருத்தி முடியை ஒருத்தி பிடித்து இழுத்தார்கள். தூரத்தில் நின்று பார்த்த ஆம்புலன்ஸ் டிரைவர் சண்டை என்று நினைத்து ஓடிவந்தார்.

ஜூலை 2, புதன்

இடது கையால் ஷைனியின் முடியைப் பிடித்துக்கொண்டு மலைபோல நின்றேன். சாடவில்லை, உதவவில்லை. பதினான்கு தடவை செய்தாள், பதினான்கும் தோல்வி. ஒரு தடவை நான் இழுத்த இழுப்பில் தூணில் போய் மோதினாள். நான் பதறிக் கையை எடுத்தேன். "விடாதிய!" என்று கத்தினாள். அழுதாள். போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி தலையைக் கொடுத்தாள்.

பதினைந்தாவது தடவை என் முழங்கால் சிமெண்டில் இடித்தது. தோல் வழன்றுவிட்டது.

லீலா என்னைக் கேள்வியோடு பார்த்தாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். அவள் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தாள்.

ஷைனி சிரிக்கவில்லை. "இன்னொரு வாட்டி அண்ணே" என்றாள்.

ஜூலை 8, செவ்வாய்

கைக்கட்டு அவிழ்த்தாயிற்று. வலது கையால் எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து கட்டும் அறைக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டோம். கதவு திறந்துதான் இருந்தது. வாசலில் நின்ற செக்யூரிட்டி பதினொரு மணிவாக்கில் யாருடைய காரையோ நகர்த்தச் சொல்லப் போய்விட்டார். அந்த ஆள் அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்ததும் அப்போதுதான்.

பார்த்தால் சாதாரண ஆள். சட்டையை ஒழுங்காகத்தான் தைத்துப் போட்டிருந்தான். பழைய கட்டு புண்ணோடு ஒட்டியிருந்தது. ஷைனி தண்ணீர் விட்டு நனைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். கிழவி "அம்மோ" என்றதுதான் தாமதம், அவன் கத்த ஆரம்பித்துவிட்டான். ஷைனி எழுந்து ஒரு அடி தள்ளி நின்றாள். "தள்ளி நில்லுங்க" என்று உரக்கச் சொன்னாள், சொல்லிக்கொடுத்தபடி.

கையை ஓங்கினான். அவள் பூட்டப் பார்க்கவில்லை. இரண்டு முழங்கையாலும் தலையைப் பொத்தினாள், அடி முழங்கையில் விழுந்தது. உடனே முடியைப் பிடித்தான். போன தடவை பிடித்த அதே முடி.

லீலா பாதி எழுந்துவிட்டாள். அவள் முந்தானை என் கையில் உரசியது. பிறகு ஷைனியின் இரண்டு கையும் தலைக்குப் போவதைப் பார்த்து அப்படியே உட்கார்ந்தாள்.

ஷைனி அவன் கையைத் தன் தலையோடு அமுக்கினாள். குனிந்து பின்னால் ஒரு அடி வைத்தாள். அவன் ஒரு முழங்கால் தரையில் விழுந்தது. தலையில் எண்ணெய் வைத்திருந்தாளோ என்னவோ, பிடி கொஞ்சம் வழுக்கியது. அவன் எழப் பார்த்தான். அதற்குள் அவள் போட்ட சத்தத்தில் கிளாஸுக்கு வருகிற இரண்டு நர்சுகள் ஓடிவந்து அவனுடைய மற்றக் கையைப் பிடித்துவிட்டார்கள். மொத்தம் ஏழெட்டு நொடி இருக்கும். மேடையில் போட்டால் ஒருத்தர்கூடக் கை தட்டமாட்டார்கள். அலங்கோலம். மருந்துத் தட்டு கவிழ்ந்து, பஞ்செல்லாம் தரையில்.

இத்தனை வருஷத்தில் இவ்வளவு நல்ல பூட்டை நான் பார்த்ததில்லை.

"லே, எனக்க கால நன்னாக்கப் பாக்குறவளையா நீ அடிக்க?" என்று அவன் அம்மா நாற்காலியிலிருந்தே அவன் முதுகில் அடித்தாள். போலீஸ் வந்தது. மன்னிப்புக் கடிதம் என்று யாரோ ஆரம்பித்தார்கள். "இந்த வாட்டி வேண்டாம்" என்றாள் ஷைனி.

அவனைக் கூட்டிப்போன பிறகு அவள் செய்ததைத்தான் என்னால் மறக்க முடியாது. கை கழுவினாள். அவிழ்ந்த முடியை முடிந்துகொண்டாள். கீழே உட்கார்ந்து, கிழவியின் காலை மடியில் எடுத்து வைத்து, பாதியில் விட்ட கட்டை முழுசாகக் கட்டி முடித்தாள். கட்டு கோணவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

கல்லூரி விழாவுக்கு லீலாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அடிமுறை காட்டவேண்டும். என்ன காட்டப்போகிறாய் என்று கேட்டேன்.

"ரெண்டையும் காட்டுவேன். நீங்க குத்திட்டுக் கைய இழுங்க, நான் பிடிக்க முடியாம நிப்பேன். சிரிக்கட்டு. பெறவு முடியப் பிடிங்க."

சந்தைக்குப் போய்வந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் வெளியே வந்துவிட்ட பிறகும் ஒன்று மட்டும் என்னிடம் மிச்சம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு மேடை ஏறத் தோன்றவில்லை. சொல்லிவிட்டேன்.

முதல் தடவை சாடியது எப்போது என்று. மார்த்தாண்டத்தில் பள்ளிக்கூட மைதானம். அவளுக்கு இருபத்திரண்டு வயது. மேடைக்கு அவள் அப்பா கூப்பிட்ட ஆள் வராததால் கூட்டத்திலிருந்து என்னை ஏற்றினார்கள். அதுவரை அவளை எனக்குத் தெரியாது. நான் குத்தினேன். அவள் கை வியர்த்திருந்தது, பிடி வழுக்கிவிட்டது. முன்வரிசையில் பயல்கள் சிரிக்க வாயைத் திறந்துவிட்டார்கள். அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. நான் சாடிவிட்டேன். அதற்குப் பிறகு நிறுத்தத் தெரியவில்லை.

லீலா கையை நிறுத்தவில்லை. ஒரு காயை எடுத்து நார் உரித்துக் கிண்ணத்தில் போட்டாள்.

"அது எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்னது?"

"அண்ணைக்குப் பூட்டு விழல்ல. நீங்களாட்டு விழுந்திய. அந்த நேரமே தெரியும். அதுக்காவத்தான் ஒங்களக் கெட்டினேன்."

அவள் அடுத்த காயை எடுத்தாள்.

"அதுக்குப் பெறவு உள்ளதெல்லாம் நெசமாட்டு விழுந்துதுன்னு நெனச்சிட்டேன்."